மாதவிடாயும் வேலைத்தலமும்: உறுப்பினர் கல்விப் பாடம்

நமது சங்கங்களின் கூட்டங்களில் நூல் விலை பேசப்படுகிறது. பருத்தி விலை பேசப்படுகிறது. தள்ளுபடி மானியம் வந்து சேராதது பேசப்படுகிறது. மழை பொய்த்த ஆண்டில் பயிர்க்கடனைத் தள்ளிவைப்பது பற்றி இரவு வெகுநேரம் வரை பேசப்படுகிறது. ஆயினும் பருத்திக் காட்டில் பஞ்சு எடுப்பவரும், தறிக்குத் தார் சுற்றுபவரும், கோவில்பட்டியைச் சூழ்ந்துள்ள தீப்பெட்டி ஆபீஸ்களில் குச்சி அடுக்குபவரும் பெரும்பாலும் பெண்களே. அவர்கள் மாதந்தோறும் சில நாட்கள் வேலைத்தலத்தில் படும் பாடு நமது நடவடிக்கைப் புத்தகங்களில் ஏறுவது அரிதினும் அரிது. குறை இல்லாததனால் ஏறவில்லையா, குறையைச் சொல்ல வழி இல்லாததனால் ஏறவில்லையா என்பதே இப்பாடத்தில் நாம் ஆராயவேண்டிய கேள்வி.

முதலில் சொல்லைப் பார்ப்போம். நம் பக்கத்து வழக்கில் மாதவிடாய்க்கு 'வீட்டுக்குத் தூரம்' என்றும், 'வீட்டு விலக்கு' என்றும், 'தீட்டு' என்றும் பெயர். முன்னிரண்டும் அவள் எங்கே இருக்கவேண்டும் என்பதைக் கூறுகின்றன; மூன்றாவது பிறர் அவளை எவ்வாறு கருதவேண்டும் என்பதைக் கூறுகிறது. அவளுக்கு என்ன நேர்கிறது என்பதைக் கூறும் சொல் இவற்றுள் ஒன்றும் இல்லை. நேர்வது இதுதான்: 21 முதல் 35 நாட்களுக்கு ஒருமுறை, கருப்பையின் உட்சவ்வு கழன்று உதிரத்துடன் வெளியேறுகிறது, இரண்டு முதல் ஏழு நாட்கள் வரை நீடிக்கிறது. சாதாரணமாக இழக்கும் உதிரம் 30 அல்லது 40 மில்லி லிட்டர் இருக்கலாம். 80 மில்லி லிட்டருக்கு மேற்பட்டால் மருத்துவர் பார்க்கவேண்டிய அளவு. கருப்பைத் தசை சுருங்கி விரிவதனால் வலி உண்டாகிறது. சிலருக்கு அது பொறுத்துக்கொள்ளக்கூடியது. சிலருக்கு எழுந்து நிற்கவும் இயலாதது. இதனோடு இரத்தசோகையையும் சேர்த்து எண்ணவேண்டும். 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை இருந்தது. இரத்தம் குறைந்த உடல் மாதந்தோறும் மேலும் இழக்கிறது; அதே நாளில் அதே அளவு வேலை எதிர்பார்க்கப்படுகிறது.

விலக்கி வைப்பதே ஓய்வு கொடுப்பதற்காக ஏற்பட்ட ஏற்பாடு என்று சொல்லும் பெரியவர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் கூற்றைச் சற்று அருகில் சென்று பார்ப்பது நல்லது. விளக்கேற்றலாகாது, குதிரைத் தொடலாகாது, களத்து மேட்டில் ஏறலாகாது, வெற்றிலைக் கொடிக்காலுக்குள் நுழையலாகாது, சில வீடுகளில் பாவைத் தொடலாகாது. ஆனால் களைவெட்டுக்குப் போகலாம், விறகு சுமக்கலாம், மில் வேனில் ஏறி ஷிப்டுக்குப் போகலாம். மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டிப் பக்கத்துக் கூவலாபுரத்தில் அந்நாட்களில் பெண்கள் 'முட்டுத்துறை' என்னும் தனிக்கட்டடத்தில் தங்கும் வழக்கம் அண்மை ஆண்டுகளிலும் பத்திரிகைகளில் பதிவாகியுள்ளது. தீட்டு என்பது கூலி வரும் இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறது. ஓய்வுக்காக ஏற்பட்ட வழக்கமாயின், முதலில் விலக்கப்பட்டிருக்கவேண்டியது களைக்கொத்து அல்லவா? விளக்கு அன்று.

நிற்க. கரிசல் பூமியில் இக்குறைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. புரட்டாசியில் விதைத்து மாசி, பங்குனியில் பஞ்சு எடுக்கும் மானாவாரிக் காடு கண்ணுக்கெட்டிய தூரம் வரை சமவெளி. வரப்போரத்தில் ஒதுங்க மறைவு இல்லை. சீமைக் கருவேலப் புதர்தான் மறைவு. அங்கே முள்ளும் பாம்பும். கிணற்றுநீர் பல ஊர்களில் உப்பு. கோவில்பட்டி நகரமே சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணி நீரைக் கொண்டுவந்து குடிக்கும் ஊர். இத்தகைய இடத்தில் ஒரு குடம் கழுவுநீர் என்பது சிறிய விஷயம் அன்று. கோவில்பட்டியில் 1901 முதல் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருந்துவருகிறது. கரிசல் மண்ணில் ஈரம் எத்தனை அங்குல ஆழத்தில் எத்தனை நாள் நிற்கும் என்பதை நாம் நூறாண்டுகளுக்கு மேலாக அளந்திருக்கிறோம். அதே காட்டில் பஞ்சு எடுக்கும் பெண் காலை ஏழு மணி முதல் பிற்பகல் வரை துணி மாற்ற எங்கே போகிறாள் என்பதை அளந்தவர் யார்? பலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். வெயிலில் தண்ணீர் குடியாமல் வேலை செய்தால் சிறுநீர்ப்பாதையில் எரிச்சலும் தொற்றும் வரும். இது மருத்துவர் பலரும் அறிந்தது.

காட்டை விட்டுக் கூரைக்குள் வருவோம். தீப்பெட்டி ஆபீஸிலும் தறிக்கூடத்திலும் கூலி பெரும்பாலும் எண்ணிக்கைக்கு, மணிக்கு அன்று. ஆகையால் கழிப்பிடத்துக்குப் போவதை யாரும் தடுப்பதில்லை என்று மேஸ்திரிமார் பெருமையாகச் சொல்வார்கள். தடுக்கவேண்டிய அவசியம் இல்லை, கணக்கே தடுத்துவிடுகிறது. ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பெண் எட்டு மணி நேரம், அதாவது 480 நிமிடம் உழைத்து 300 ரூபாய் சம்பாதிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடத்தின் மதிப்பு அறுபத்திரண்டரைக் காசு. கழிப்பிடம் நான்கு நிமிட நடையில் இருக்கிறது. போக வர எட்டு, உள்ளே நான்கு, ஆக 12 நிமிடம். அந்நாட்களில் நான்கு முறை போனால் 48 நிமிடம். இழப்பு 30 ரூபாய். மாதத்தில் நான்கு நாளுக்கு 120 ரூபாய். கழிப்பிடத்தை இரண்டு நிமிட நடைக்குள் கட்டியிருந்தால் இதில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சியிருக்கும். அக்கட்டடம் எங்கே அமையவேண்டும் என்று முடிவு செய்தவர்களுக்கு அவ்விழப்பு தெரியாது. இழந்தவரோ தம் கை மெதுவாக ஓடியதாகவே எண்ணிக்கொள்கிறார். வேலைத்தலத்துக் குறைகளில் மிகக் கொடியவை இத்தகையனவே. எவரும் தவறு செய்ததாகத் தோன்றாது. ஆகவே எவர்மீதும் புகார் எழாது.

குறை சொல்லப்படாமலே போனால் அது வேறு உருவில் வெளிப்படும். "தலை வலிக்கி, அண்ணாச்சி, அரை நாள் வேணும்" என்பது ஓர் உருவம். 'வீட்டில் விசேஷம்' என்று விடுப்புச் சீட்டில் எழுதுவது மற்றோர் உருவம். ஒரே பெண் மாதத்தில் ஏறக்குறைய ஒரே இடைவெளியில் ஒரு நாள் வராமலிருப்பது வருகைப் பதிவேட்டில் தெரியும். அதைச் சோம்பல் என்று வாசிப்பதும் நோவு என்று வாசிப்பதும் வாசிப்பவரைப் பொறுத்தது.

இனி, வேலை கொடுப்போர் குறையை ஒப்புக்கொண்டும் அதனை வேலையின் வசதிக்காகவே தீர்க்க முற்பட்டால் என்ன நேரும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. 2019இல் தாம்சன் ராய்ட்டர்ஸ் அறக்கட்டளையின் செய்தியாளர்கள் தமிழ்நாட்டு ஆடைத் தொழிற்சாலைகளில் வேலை செய்யும் ஏறத்தாழ 100 பெண்களைச் சந்தித்துப் பேசினார்கள். மாதவிடாய் வலி என்றதும் வேலைத்தலத்திலேயே மாத்திரை கொடுக்கப்பட்டதாக அப்பெண்கள் கூறினர். மாத்திரையின் பெயர் இல்லை. என்ன மருந்து என்ற குறிப்பு இல்லை. காலாவதித் தேதி இல்லை. கொடுத்தவர் பெரும்பாலும் மருத்துவரோ செவிலியரோ அல்லர், மேற்பார்வையாளர். பாதிக்கு மேற்பட்டோர் அதனால் உடல்நலம் கெட்டதாகச் சொன்னார்கள்.

அம்மாத்திரைகள் விஷம் என்று கருதிவிடலாகாது. ஐபுப்ரோஃபென் போன்ற வலி நிவாரணிகள் மாதவிடாய் வலிக்கு மருத்துவர்களே எழுதிக்கொடுப்பவை. ஆனால் உணவுக்குப் பின் உண்ணவேண்டியவை. வெறும் வயிற்றில் இரைப்பையைப் புண்ணாக்குபவை. தண்ணீர் போதாத உடலில் சிறுநீரகத்துக்கு ஆகாதவை. காலை உணவு உண்ணாமல் முதல் ஷிப்டுக்கு ஓடிவரும் பெண்ணுக்கு, தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு, மாதாமாதம் பெயர் தெரியாமல் கொடுப்பதுதான் தீங்கு. அக்காலத்தில் நடைமுறையிலிருந்த 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 45ஆம் பிரிவு முதலுதவிப் பெட்டியைப் பற்றி மிகத் தெளிவாக இருந்தது: விதிக்கப்பட்ட பொருள்களைத் தவிர வேறெதுவும் பெட்டியில் இருக்கலாகாது, முதலுதவிப் பயிற்சிச் சான்று பெற்றவரே அதன் பொறுப்பாளராதல் வேண்டும். மேற்பார்வையாளரின் சட்டைப்பை முதலுதவிப் பெட்டி ஆகாது.

இங்கே மற்றொன்றையும் கவனிக்கவேண்டும். அப்பெண்கள் குறையைச் சொல்லாமல் இருக்கவில்லை, சொன்னார்கள். கேட்டவருக்கு ஷிப்டின் உற்பத்திக் கணக்குத்தான் பொறுப்பு. ஆகவே அவர் செவியில் விழுந்த குறை, 'இவளை எப்படி இயந்திரத்தின் முன் நிறுத்தி வைப்பது' என்ற கேள்வியாக மாறிவிட்டது. யாரிடம் குறை சொல்லப்படுகிறதோ அவரே அக்குறையால் நஷ்டப்படுபவராகவும் இருந்தால், தீர்வு அவருடைய நஷ்டத்துக்குத்தான் கிடைக்கும்.

குறையை நம்ப மறுத்து அத்தாட்சி கேட்டதும் உண்டு. 2014 டிசம்பரில் கொச்சி சிறப்புப் பொருளாதார மண்டலத்தில் ஒரு தொழிற்சாலையில், கழிப்பறையில் பயன்படுத்திய நாப்கின் கிடந்தது என்பதற்காகப் பெண் தொழிலாளர்களின் ஆடை களைந்து சோதனையிடப்பட்டதாகப் புகார் எழுந்து, கேரளமெங்கும் கிளர்ச்சி நடந்தது. 2025 அக்டோபரில் ஹரியானாவின் ரோத்தக் நகரில், ஒரு பல்கலைக்கழகத்தின் துப்புரவுப் பெண்கள் உடல்நலக் காரணம் சொல்லித் தாமதமாக வேலை செய்தபோது, மாதவிடாயை நிரூபிக்கப் புகைப்படம் எடுத்துக் காட்டும்படி நிர்ப்பந்திக்கப்பட்டதாகப் புகார் எழுந்து, உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

இவை தனியார் ஆலையிலும் அரசு நிறுவனத்திலும் நடந்தவை; கூட்டுறவில் நடவாது என்று நம் உறுப்பினர் ஒருவர் சொல்லக்கூடும். மகாராஷ்டிரத்தைப் பார்க்கவேண்டியது அதற்காகவே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்குப் பெயர்போன மாநிலம் அது. பிரவரா நகரத்தில் விவசாயிகள் தாமே கூடி ஏற்படுத்திய ஆலை நம் கூட்டுறவுப் பாடங்களிலெல்லாம் போற்றப்படுவது. அம்மாநிலத்து பீட் மாவட்டம் நம் கரிசலைப் போலவே மழையை நம்பிய வறண்ட பூமி. அங்கிருந்து கணவனும் மனைவியும் ஓர் இணையாக முன்பணம் பெற்றுக் கரும்பு வெட்டப் புலம்பெயர்கிறார்கள். ஒரு நாள் வேலை நின்றால் ஒப்பந்தக்காரர் 500 ரூபாய் அபராதம் பிடிப்பதாகச் செய்திகள் கூறின. தங்குவது வயலோரக் குடிசை. கழிப்பிடமும் குளியலறையும் இல்லை. மாதவிடாய்த் தொல்லை, வெள்ளைப்படுதல், தொற்று ஆகியவற்றுக்காகத் தனியார் மருத்துவமனைக்குப் போன பெண்களுக்குக் கருப்பையையே எடுத்துவிடும்படி ஆலோசனை கூறப்பட்டது. 2019இல் மாநில அரசு அமைத்த குழு விசாரித்த 82,309 பெண் கரும்பு வெட்டுவோரில் 13,861 பேர் கருப்பை நீக்கும் அறுவை செய்துகொண்டிருந்தனர். அதாவது ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர்.

அவ்வாலைகளின் பங்குதாரர்களான கரும்பு விவசாயிகள் கொடியவர்கள் அல்லர். கரும்பு வெட்டுபவர் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். ஆலையின் ஆட்கள் அல்லர். சங்கத்தின் உறுப்பினரும் அல்லர். ஆகவே அவர்களுடைய குறை சங்கத்தின் எந்தப் பதிவேட்டுக்கும் வரவில்லை. நமது சங்கங்களுக்கும் இந்நிலை புதிதன்று. பஞ்சு எடுக்க ஆள் கூட்டி வருபவர், பாவு ஓட்டிக் கொடுப்பவர், தார் சுற்றக் கொடுக்கும் வீடுகள், இவர்களெல்லாம் நம் கணக்கில் ஒரு செலவு வரியாக மட்டும் நிற்கிறார்கள்.

சட்டம் எதுவரை துணை நிற்கும்? 1948ஆம் ஆண்டுச் சட்டம் ஆண் பெண் இருபாலாருக்கும் தனித்தனியே மறைவான கழிப்பிடம் வேண்டும் என்று விதித்திருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்களை மத்திய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்தபோது, பழைய சட்டத்தின் இடத்தில் தொழிற்பாதுகாப்பு, சுகாதாரம், பணிநிலைமைகள் பற்றிய 2020ஆம் ஆண்டுத் தொகுப்பு வந்தது. கழிப்பிடம், கழுவுமிடம், உட்காரும் வசதி ஆகியன அதிலும் உண்டு. ஆனால் மின்விசையோடு இயங்குமிடத்தில் 10 பேர், விசையில்லாத இடத்தில் 20 பேர் என்றிருந்த 'தொழிற்சாலை' என்னும் வரையறை, முறையே 20 பேர், 40 பேர் என உயர்ந்துவிட்டது. கையால் குச்சி அடுக்கும் சிறு ஆபீஸ்கள் பல இவ்வரம்புக்குக் கீழே நிற்கும். பத்துப் பேருக்குக் குறைந்த இடத்தை அத்தொகுப்பு பெரும்பாலும் எட்டுவதே இல்லை.

அவமதிப்புக்கு வேறு சட்டம் உண்டு. வேலைத்தலத்தில் பெண்களுக்கு எதிரான பாலியல் துன்புறுத்தல் பற்றிய 2013ஆம் ஆண்டுச் சட்டம், வேலைத்தலம் எது என்று விளக்குமிடத்தில் கூட்டுறவுச் சங்கத்தையும் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு அமைத்தல் வேண்டும். அதன் தலைவர் பெண்ணாதல் வேண்டும். உறுப்பினரில் பாதிக்குக் குறையாமல் பெண்கள் இருத்தல் வேண்டும். வெளியாள் ஒருவரும் வேண்டும். பத்துக்குக் குறைந்த இடத்துப் பெண்கள் மாவட்டத்திலுள்ள உள்ளூர்க் குழுவிடம் போகலாம். நிகழ்ச்சி நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்கவேண்டும். விசாரணை 90 நாளில் முடியவேண்டும். மாதவிடாயைச் சுட்டிப் பாலியல் கருத்துப்படப் பேசுவதும், அத்தாட்சி கேட்டு உடலைச் சோதிப்பதும் இச்சட்டத்தின் முன் வைக்கத்தக்க புகார்களே.

இப்பொழுது ஒரு புகாரை எடுத்துக்கொண்டு பார்ப்போம். இது பாடத்துக்காகக் கற்பனை செய்தது. ஒரு நெசவாளர் சங்கத்தின் பொதுத் தறிக்கூடத்தில் 14 பெண்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவர் நிர்வாகக் குழுவிலுள்ள ஓர் அம்மையாரிடம் வந்து சொல்கிறார்: "கக்கூஸில் ரெண்டு நாளா தண்ணி இல்ல, அக்கா. வெளியே போய் வந்தேன். ரெண்டாம் தடவை போனப்ப மேஸ்திரி அண்ணாச்சி எல்லார் முன்னாலயும், 'என்ன, இன்னிக்கு அந்த நாளா?'ன்னு கேட்டுச் சிரிச்சாரு."

இதில் இரண்டு புகார்கள் உள்ளன என்பதை முதலில் காணவேண்டும். தண்ணீர் இல்லாதது ஒன்று, சிரித்தது மற்றொன்று. முதலாவதற்கு விசாரணை தேவையில்லை. யார் சொன்னார், ஏன் சொன்னார் என்று ஆராயாமல், அன்று மாலைக்குள் தொட்டியில் தண்ணீர் நிரப்பவேண்டும். தண்ணீர் லாரிக்குச் செயலாளரே ஆணையிடும் அதிகாரத்தை முன்கூட்டியே தீர்மானத்தால் கொடுத்துவைக்கவேண்டும். அடுத்த குழுக் கூட்டம் வரை காத்திருக்கும் விஷயம் இதுவன்று.

இரண்டாவதில் நமது சங்கங்கள் இயல்பாகச் செய்வது என்ன? இருதரப்பாரையும் கூப்பிட்டு, பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்து, "விட்டுக்கொடுத்துப் போங்கம்மா, ஒரே குடும்பமா இருக்கோம்" என்று கூறி, அவர் தலையசைத்ததும் சமரசம் ஆயிற்று என்று எழுதிக்கொள்வது. வரப்புத் தகராறுக்கும் கடன் தகராறுக்கும் இம்முறை நல்லதுதான். எத்தனையோ வீடுகளை நீதிமன்றப் படியேறாமல் காத்திருக்கிறது. இங்கே அது தீங்கு. பன்னிரண்டு ஆண்கள் முன்னால் தம் உடலைப் பற்றி அவர் மறுபடியும் பேசவேண்டியதாகிறது. முதல் அவமானத்தை விட இரண்டாவது பெரிதாகிவிடுகிறது. மேற்சொன்ன சட்டத்தின்படி சமரச முயற்சி புகார் கொடுத்த பெண்ணே கேட்டுக்கொண்டால்தான் உண்டு. பணம் கொடுத்துச் சமரசம் கூடாது. அவர் பெயரை வெளியிடவும் கூடாது. ஆகவே அந்த அம்மையார் செய்யவேண்டியது, புகாரை அவர் வாயால் சொன்னபடியே எழுதி, படித்துக்காட்டி, கையொப்பம் பெற்று, உள்ளகக் குழுவிடம் சேர்ப்பதுதான். எழுதத் தெரியாதவருக்கு எழுத உதவுவதும் சட்டம் சொல்லும் கடமையே.

அத்தோடு நில்லாமல், அடுத்த மூன்று மாதம் அப்பெண்ணின் கூலிப் பட்டியலைக் கவனித்துவரவேண்டும். பழி தீர்ப்பவர் திட்டமாட்டார். அறுந்து அறுந்து போகும் நூலாகப் பார்த்துக் கொடுப்பார், சிக்கல் பாவைத் தள்ளிவிடுவார். எண்ணிக்கைக் கூலியில் இது மிக எளிது, கண்டுபிடிப்பது கடினம்.

செவி கொடுப்பவர் யார் என்பதில் அண்மையில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு முயற்சி நடந்திருக்கிறது. 2021 ஜனவரியில் அங்கே ஓர் ஆடை ஆலையின் இளம்பெண் தொழிலாளி கொலையுண்டதையடுத்து எழுந்த போராட்டத்தின் விளைவாக, 2022 ஏப்ரலில் பெண்கள் தலைமையேற்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்துக்கும், ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துக்கும், அங்கே துணி வாங்கும் எச் அண்ட் எம் முதலிய வெளிநாட்டு வாணிக நிறுவனங்களுக்கும் இடையே திண்டுக்கல் ஒப்பந்தம் ஏற்பட்டது. தொழிலாளிகளிடமிருந்தே தளக் கண்காணிப்பாளர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டு, பக்கத்து இயந்திரத்தில் நிற்கும் பெண்ணிடமே குறையைச் சொல்லும் வழி ஏற்பட்டது. ஆலை முதலாளி கடமை தவறினால் வாங்குவோர் வியாபாரத்தைக் குறைப்பர் என்ற நிபந்தனையும் அதில் உண்டு. குறையைக் கேட்பவர் உற்பத்திக் கணக்குக்குப் பொறுப்பானவர் அல்லர் என்பதே அவ்வேற்பாட்டில் நாம் குறித்துக்கொள்ளவேண்டியது. கூட்டுறவுச் சங்கம் இதைப் போராட்டமின்றியே செய்துகொள்ளலாம். துணை நிற்க மகாசபை இருக்கிறது.

விடுப்பைப் பற்றி உறுப்பினரிடையே கருத்து வேறுபாடு இருக்கும். பீகார் அரசு 1992லேயே தன் பெண் ஊழியர்க்கு மாதம் இரண்டு நாள் கொடுத்தது. ஜப்பான் 1947இல் தன் தொழிலாளர் சட்டத்தில் இதற்கு இடம் வைத்தது. ஆனால் கூலியுடனா, கூலியின்றியா என்பதை முதலாளிக்கு விட்டுவிட்டது. கர்நாடக அரசு 2025 நவம்பரில் தனியார் தொழிற்சாலைகளையும் சேர்த்து ஆண்டுக்கு 12 நாள் கூலியுடன் ஆணையிட்டது. மருத்துவச் சான்றிதழ் வேண்டியதில்லை என்றும் சொல்லிற்று. கட்டாயமாக்கினால் பெண்களை வேலைக்கு வைக்கத் தயங்குவார்களே என்ற ஐயத்தை 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றமே எழுப்பி, அரசுகள் கலந்து முடிவு செய்யட்டும் என்றது. அந்த ஐயம் வீண் அன்று. ஆனால் சங்கத்துக்கு அது அவ்வளவாகப் பொருந்தாது என்பது என் கருத்து. மேலே கண்ட 14 பெண்களுக்கும் மாதம் ஒரு நாள் 300 ரூபாய் வீதம் கொடுத்தால் ஆண்டுக்கு 50,400 ரூபாய். அதைத் தறிக்கூடத்துக் கணக்கில் எழுதினால் தறிக்கூடம் நஷ்டம் காட்டும். பெண்களைக் குறைக்கும் எண்ணம் பிறக்கும். துணைவிதி இடம் தருமாயின் பொது நல நிதியிலிருந்து எழுதினால் உறுப்பினர் அனைவரும் பகிர்ந்துகொண்டதாகும். 'பொய் சொல்லி விடுப்பு எடுத்தால்?' என்று கேட்பவர்க்கு ஒரு பதில் உண்டு: ஆண் உறுப்பினர் தலைவலி என்றால் இதுவரை யாரும் தலையைத் திறந்து காட்டச் சொன்னதில்லை. விண்ணப்பத்தில் 'உடல்நலக் காரணம்' என்ற இரு சொல் போதும்.

துணியைப் பற்றியும் ஒரு சொல். குறைந்த விலை நாப்கின் இயந்திரத்தை உருவாக்கி 2016இல் பத்மஸ்ரீ பெற்ற கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் கைத்தறி நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். முதலில் பஞ்சைக் கொண்டே செய்து பார்த்துத் தோற்று, கடையில் விற்பது மரக்கூழ் இழை என்று பின்னரே கண்டுபிடித்தார். பழைய பருத்தித் துணி தாழ்ந்தது என்று எண்ணவேண்டியதில்லை. நன்கு துவைத்து நேர் வெயிலில் காயவைத்தால் அதுவும் சுகாதாரமானதே. வெட்கத்தால் மூலையில் மறைத்து ஈரத்தோடு உலர்த்துவதில்தான் தீங்கு வருகிறது. நாப்கினோ துணியோ, மூடியுள்ள தொட்டி கழிப்பிடத்துக்குள்ளேயே வேண்டும். தீப்பெட்டி ஆபீஸில் எரிப்பான் இயந்திரத்தைக் கட்டடத்தினருகே வைப்பது எவ்வளவு ஆபத்து என்று நம் பக்கத்தாருக்குச் சொல்லவேண்டியதில்லை. சேர்த்து வெளியே கொண்டுபோய் அகற்ற ஏற்பாடு செய்யவேண்டும்.

வீட்டுத்தறிதான் எல்லாவற்றிலும் கடினமான இடம். உறுப்பினர் புத்தகம் கணவர் பெயரில். கூலி அவர் கையில். தார் சுற்றுபவர் மனைவி. அவருடைய வேலைத்தலமும் வீடும் ஒன்றே. மேஸ்திரியும் கணவரும் ஒருவரே. எந்தச் சட்டமும் எந்தக் குழுவும் அவ்வாசலைத் தாண்டுவதில்லை. மனைவியரையும் தனி உறுப்பினராகச் சேர்த்து, தார்க்கூலியை அவர் பெயரில் எழுதும் யோசனையைப் படிப்பு வட்டங்கள் விவாதிக்கலாம்.

அடுத்த மாத வட்டத்துக்கு வரும்போது பெண் உறுப்பினர்கள் தத்தம் வேலையிடத்தைப் பற்றி மூன்று குறிப்புகளை எழுதிக் கொண்டுவரவேண்டும்: வேலை செய்யும் இடத்திலிருந்து கழிப்பிடம் எத்தனை எட்டு, அங்கே எந்த மணி முதல் எந்த மணி வரை தண்ணீர் இருக்கிறது, ஒரு குறை என்றால் கூசாமல் சொல்லத்தக்க பெண் அவ்விடத்தில் உண்டா, இல்லையா. காட்டு வேலைக்குப் போகிறவர்கள் முதற்கேள்விக்கு நேரே கருவேலப் புதரின் தூரத்தை எழுதலாம். பெயர் எழுதவேண்டியதில்லை, ஊரும் தேதியும் இருந்தால் போதும்.